சிவப்புக் காரின் சூடு

எங்கள் வீட்டுச் சிவப்புக் காரைப் பல வருடங்களாகச் சக்களத்தி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு கோயமுத்தூரில் பந்தயக் கார்ப் பைத்தியம் பிடித்த ஒருவரிடமிருந்து அதை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தார். அப்போதே அது பழைய வண்டி. தரையோடு தரையாகக் கிடக்கும். உள்ளே உட்காருவதென்றால் பாயில் உட்காருகிற மாதிரி முழங்காலை மடக்கி இறங்க வேண்டும். டர்போ வைத்த பெட்ரோல் எஞ்சின். டிக்கியின் மேல் விமானத்துக்கு இருப்பதுபோல ஒரு இறக்கை வேறு. ஏற்காட்டு மலைமேல் கரடியூரில் காப்பிச் செடிகளுக்கு நடுவில் வீடு வைத்திருக்கிற இரண்டு கிழங்களுக்கு இது எதற்கு என்று கேட்டேன். "வளைவுல எப்படித் திரும்புது பாரு" என்றார். ஏற்காட்டு மலைப்பாதையில் வளைவுக்கா பஞ்சம்? ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு சேலத்துக்கு இறங்கி ஏறுவார். கொத்துமல்லி வாங்கக்கூட இறங்கியிருக்கிறார். திரும்பி வந்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு காப்பி கேட்பார்.

அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் வேலையை நிறுத்திவிட்ட பிறகுதான் எனக்கும் அந்த வண்டிக்கும் சமாதானம் ஆயிற்று.

வாரத்தில் மூன்று நாள் சேலத்துக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். முதலில் ஊர் டாக்சியில்தான் போனோம். டாக்சிக்காரர் நல்ல மனிதர். ஆனால் உயரமான வண்டி ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தொட்டில் மாதிரி ஆடும். டயாலிசிஸ் முடிந்து துவண்டு கிடக்கிற மனிதருக்கு அந்த ஆட்டம் தாங்காது. பாதி மலை ஏறுவதற்குள் குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி எடுப்பார். மற்றவர் வண்டியை அசிங்கப்படுத்திவிட்டோமே என்ற கூச்சம் அதைவிடப் பெரிதாக இருக்கும். ஒருநாள், "நம்ம வண்டியில போயிப் பாக்கலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஓட்டுவதற்கு என்னை விட்டால் ஆளில்லை. நான் பழகிய வண்டியெல்லாம் ஒரு சின்னக் கார்தான். இருந்தாலும் எடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "இப்ப கியரை எறக்கு, இப்ப மிதி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்தக் குட்டை வண்டி எந்த வளைவிலும் சாயவில்லை. ரோட்டைப் பிடித்த பிடியில் திரும்பிற்று. அன்று அவர் வாந்தி எடுக்கவில்லை. சக்களத்தி என்று சொல்வதை அன்றோடு விட்டுவிட்டேன்.

சேலத்தில் இருக்கும் என் நாத்தனார், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே கீழ்த்தளத்தில் ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருந்தாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. டாக்டரும் அதையேதான் சொன்னார். ஆனால் இவர் முதல் டயாலிசிஸ் முடிந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னமோ செய்யட்டும், முடிஞ்சதும் என்னைய மேல கூட்டிட்டுப் போயிரு. அது போதும்" என்றார். வேறு எதுவும் அவர் கேட்டதில்லை. மலையில் எங்கள் வீடு, அந்த ஜன்னல், காலையில் மிளகுக் கொடி மேல் இறங்குகிற பனி, இவையெல்லாம் அவருக்கு மருந்தோடு சேர்ந்த மருந்து. அதனால் நாத்தனாரிடம் பிறகு பார்க்கலாம், பிறகு பார்க்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். கார் ஓடுகிற வரைக்கும் அப்படிச் சொல்ல முடிந்தது.

பிறகு கார் சூடாக ஆரம்பித்தது.

இறங்கும்போது ஒன்றும் இல்லை. சேலத்துக்குள் நெரிசலில் நின்றாலும் ஒன்றும் இல்லை. அடிவாரம் தாண்டி ஏறத் தொடங்கினால்தான், நடுவில் நிற்க வேண்டிய வெப்ப முள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போகும். ஏ.சி.யை அணைப்பேன். மிதிப்பதைக் குறைப்பேன். அப்போதும் அடங்காவிட்டால் ஹீட்டரை முழுசாகத் திருப்பிவிடச் சொல்வார் இவர். எஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் காருக்குள் இழுத்துக்கொண்டால் எஞ்சின் தப்பிக்கும் என்பது கணக்கு. டயாலிசிஸ் முடிந்து வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வருகிறவருக்கு அந்தச் சூடு சுகமாக இருக்கும். எனக்கோ ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். "உங்களுக்குக் குளுருது, உங்க வண்டிக்குக் காயுது, நடுவுல நான் வெந்து சாகறேன்" என்று திட்டுவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பார்.

ஹீட்டருக்கும் அடங்காத நாளில் ஓரம் கட்டி, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அவர் ரோட்டோர மதில் மேல் சால்வை போர்த்திக்கொண்டு உட்காருவார். குரங்குகள் வந்து எங்களைச் சுற்றி உட்காரும். இந்த மலைப்பாதையில் பானெட் திறந்த வண்டியைப் பார்த்துவிட்டு யாரும் சும்மா போவதில்லை. பஸ் டிரைவர் வேகத்தைக் குறைத்து, "தண்ணி இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். மாரமங்கலம் போகிற பைக்காரர்கள் தாங்கள் குடிக்க வைத்திருந்த பாட்டிலை நீட்டுவார்கள். ஒருவர் ஆர்வத்தில், கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் துணி போட்டுத் திறக்கப் போனார். நான் போட்ட சத்தத்தில் குரங்கே ஓடிவிட்டது. பாவம், உதவி செய்ய வந்த மனிதர். வந்தவர்களையெல்லாம் இன்று நினைத்துப் பார்த்தால் மனம் நிறைந்துவிடுகிறது. அன்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அப்படி நிற்கும்போது ஒருநாள் இவர் மூக்கை உறிஞ்சி, "கோயில் வாசம் வருது" என்றார். அங்கே கோயில் எதுவும் கிடையாது. உடம்பு தளர்ந்து நினைவு தடுமாறுகிறதோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

சேலத்தில் பழைய வேகக் கார்களை மட்டும் பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். தம்பி என்றுதான் கூப்பிடுவேன். ஆஸ்பத்திரியில் இவரைப் படுக்க வைத்துவிட்டு வண்டியை அவரிடம் கொண்டுபோய் விடுவேன். இவர் எழுவதற்குள் தம்பி ஏதாவது ஒன்றை மாற்றிக் கொடுப்பார். முதலில் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். பிறகு ரேடியேட்டர் மூடி. பிறகு வாட்டர் பம்ப். ரேடியேட்டருக்குள் அடைப்பிருக்குமோ என்று கழுவிப் பார்த்தார். பளிங்கு மாதிரி தண்ணீர் வந்தது. குழாய்களில் காற்று அடைத்துக்கொண்டிருக்குமோ என்று அதையும் எடுத்துவிட்டார். விசிறி ஒழுங்காகச் சுற்றிற்று. ஹெட் கேஸ்கட் போயிருந்தால் பெரிய செலவு என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அதையும் சோதித்து நன்றாக இருக்கிறது என்றார். ஒவ்வொரு முறையும் பைபாஸில் விரட்டிப் பார்ப்பார். முள் அசையாது. "சரியாயிருச்சுங்கம்மா" என்பார். அன்று சாயங்காலமே நாங்கள் மதில் மேல் உட்கார்ந்திருப்போம்.

கடைசியில் அந்த நாள் வந்தது. பனி இறங்கி, எதிர் வளைவே தெரியாத பிற்பகல். முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஓரம் கட்டினேன். இவர் மதிலில் உட்கார்ந்து, தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கை. அதைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டு, "என்னால முடியல. தங்கச்சி பாத்து வெச்ச ஊட்டுக்கே போயிரலாம்" என்றார்.

அவர் வாயிலிருந்து அது வந்துவிட்டது. எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. "பேசாம உக்காருங்க" என்று கத்தினேன். கத்திவிட்டு, திறந்த பானெட்டுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து சொன்னேன். "அடுத்த வாரம் ஒரு தடவை ஏறிப் பாக்கலாம். அன்னைக்கும் வழியில நின்னுச்சுன்னா நானே மூட்டையைக் கட்டறேன்." அவர் தலையை ஆட்டினார். நம்பி ஆட்டவில்லை. எனக்காக ஆட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக் தம்பிக்குப் போன் போட்டு, வாய்க்கு வந்தபடி பேசினேன். அந்தப் பிள்ளை கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, "ஏனுங்கம்மா, மலையில வர்ற வியாதிய மலையிலதான் பாக்கோணும். ஞாயித்துக்கெழமை நானே வர்றேனுங்க" என்றார். சொன்னபடியே லீவு நாளில் பைக்கில் கருவிப் பையைக் கட்டிக்கொண்டு குளிரில் வந்து சேர்ந்தார். எங்கள் வண்டியை அடிவாரம் வரைக்கும் இறக்கித் திரும்ப ஏற்றிப் பார்ப்பது அவருடைய திட்டம்.

அவர் வண்டியைக் கிளப்பியதும், காப்பிப் பழம் பறிக்கிற பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி இருக்கிற அக்கா ஓட்டமாக வந்தார். எங்கள் தோட்டத்திலும் பக்கத்து எஸ்டேட்டிலும் மாறி மாறி வேலை செய்கிறவர் அவர். பக்கத்து ஊரான கொட்டச்சேட்டில் வீடு. ஆயுத பூசைக்கு வண்டியின் முகத்தில் மாலை கட்டுகிறோம் அல்லவா? இவர் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒவ்வொரு நாளும் அந்த அக்கா அதைச் செய்வார். மலைச்சாமி சேர்வராயனை நினைத்துக்கொண்டு ஒரு முழம் பூச்சரத்தை முன் கம்பி வலையில் கட்டி, தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவார். எனக்கு அது பல் விளக்குவது போலப் பழகிவிட்டிருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து எஸ்டேட்டில் வேலையாக இருந்தவர் வண்டிச் சத்தம் கேட்டதும், ஐயாவுக்கு ஏதோ அவசரம் என்று நினைத்து, அடுத்த நடைக்கென்று வைத்திருந்த சரத்தோடு ஓடி வந்துவிட்டார். வெறும் சோதனைதான் என்று சொன்னேன். "இருக்கட்டுமுங்க, வண்டியும் பொழைக்கோணுமில்லீங்க" என்று கட்டினார். தம்பி பொறுமையாகக் காத்திருந்துவிட்டுப் போனார்.

அவர் திரும்பி வந்தபோது பானெட்டுக்கடியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. எங்களை நிறுத்துகிற அதே வளைவில் அவரையும் நிறுத்தியிருக்கிறது. முகம் வாடி இறங்கியவர், வண்டிக்கு முன்னால் வந்து நின்று பார்த்தார். பிறகு அக்காவிடம் திரும்பினார்.

"ஏனுங்கக்கா, நீங்க கட்டுன பூ எங்கீங்க?"

"சாமி எடுத்துக்குமுங்க" என்றார் அக்கா. "எப்பவுமே அப்படித்தானுங்க. போயிட்டு வந்தா பூ இருக்காது."

தம்பி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கம்பி வலைக்குள் விரலை விட்டார். வாழைநார் நுனி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தார். நார் வந்துகொண்டே இருந்தது. அதோடு காலையில் கட்டிய செண்டுமல்லி வந்தது. அதற்குப் பின்னால் காய்ந்த பூ வந்தது. அதற்குப் பின்னால் கறுத்துப்போன ஏதோ ஒன்று வந்தது.

முன் பம்பரை அப்படியே கழற்றி இறக்கினார். இந்த மாதிரி வண்டியில் காற்றைப் பிடிக்கிற தட்டுகள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக மூன்று இருக்கின்றன. முதலில் டர்போவுக்கு, அடுத்து ஏ.சி.க்கு, கடைசியில்தான் ரேடியேட்டர். வெளியே நின்று பார்த்தால் முதல் தட்டு மட்டும்தான் தெரியும். அது சுத்தமாகத்தான் இருந்தது. அதைக் கழற்றியதும், மேல் இடுக்கு வழியே நழுவி விழுந்ததெல்லாம் சேர்ந்து பின்னால் ஒரு மெத்தை இருந்தது. செண்டுமல்லி இதழ், கனகாம்பரம், வாழைநார், காப்பி உலர்த்துகிற களத்தில் நிற்கும்போது காற்றில் வந்து ஒட்டிய காப்பித் தோல் எல்லாம் மலைப் பனியில் நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்து கம்பளம் மாதிரி இறுகிக் கிடந்தன. சமவெளியில் வேகமாகப் போகும்போது இடுக்கு வழியே நுழைகிற காற்றே எஞ்சினுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. நெரிசலில் நிற்கும்போது எஞ்சினுக்கு உழைப்பில்லாததால் விசிறியே சமாளித்திருக்கிறது. மலையில் மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறும்போதுதான் மூக்கடைத்த ஆள் மாதிரி திணறியிருக்கிறது. ஓரத்தில் கருகிய இதழ்களை எடுத்து முகர்ந்தேன். கோயில் வாசம். இவருக்கு நினைவு தடுமாறவில்லை. எனக்கு அப்படியே அவர் காலடியில் உட்கார்ந்துவிட வேண்டும் போல இருந்தது.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் சிரிக்க ஆரம்பித்தார். "சாமி எடுத்துக்கல. நம்ம வண்டிதான் எடுத்து முழுங்கியிருக்குது" என்று இருமல் வரும்வரை சிரித்தார். தம்பியும் சிரித்தார். பல மாதம் கழித்து அந்த வாசலில் கேட்ட சிரிப்பு.

அக்கா சிரிக்கவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். "அப்ப ஐயாவை ரோட்டுல உக்கார வெச்சது நாங்களுங்களா?" என்றார்.

நாங்கள் என்று அவர் சொன்னது அப்போதுதான் என் காதில் உறைத்தது. அந்தக் குப்பையை ஒரு அன்னக்கூடையில் அள்ளி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். எல்லாம் ஒரே கை கட்டிய சரம் இல்லை. சிலது நாரில் நெருக்கி நெருக்கிக் கட்டியது. சிலது தையல் நூலில் கோத்தது. ஒன்று குழந்தை கட்டியது போலத் தளர்ந்து கோணலாக இருந்தது. கேட்டேன். தன் வீட்டுப் பூ மட்டும் இல்லை என்றார் அக்கா. பழம் பறிக்க வருகிற பெண்கள் ஒவ்வொருவரும் முறை வைத்துக்கொண்டு, யார் வீட்டில் பூத்திருக்கிறதோ அவர்கள் முந்தின நாளே கட்டி அனுப்பியிருக்கிறார்கள். யாரும் என்னிடம் சொன்னதில்லை. அந்த மாதங்களில் நான் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன், இந்த மலையில் நாங்கள் இரண்டு பேர் தனியாகக் கிடந்து அல்லாடுகிறோம், ஏனென்று கேட்க ஒரு நாதி இல்லை என்று. மடியில் கனத்துக் கிடந்த அந்தக் கூடையைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

"இனிமே கட்ட மாட்டேனுங்கம்மா" என்றார் அக்கா. குரல் உடைந்துவிட்டது.

"கட்டாம இருந்தீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வருமுங்க" என்றேன். "நீங்கெல்லாம் இல்லைன்னா எங்களுக்கு இங்க ஆருங்க இருக்கறா?"

"முன்னாடி கட்டாதீங்கக்கா" என்றார் தம்பி, கறுத்த கையைத் துடைத்துக்கொண்டே. "பின்னாடி ரெக்கை ஒண்ணு சும்மாதானே இருக்குது. அதுல எத்தனை முழம் வேணும்னாலும் கட்டிக்கோங்க. அங்கிருந்து எஞ்சினுக்குள்ள போகாதுங்க."

அந்த இறக்கை எதற்கு என்று இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள் நான். "பாத்தியா, உபயோகமில்லைன்னு சொன்னியே" என்று இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

தம்பி மூன்று தட்டுகளையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, வளைந்த தகடுகளைச் சீப்பு மாதிரி ஒன்றால் நிமிர்த்தி, எல்லாவற்றையும் பூட்டுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. தன் குடும்பத்தோடு இருக்க வேண்டிய ஒரே நாளை எங்களுக்குக் கொடுத்த பிள்ளை. போனில் அப்படிப் பேசியதற்கு மன்னிப்பு மாதிரி, சூடாக ராகிக் களியும் கீரையும் போட்டேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் பைக்கில் இறங்கிப் போனார்.

அடுத்த டயாலிசிஸ் நாள் அக்கா பூவோடு வந்தார். முன்பக்கம் திரும்பியும் பார்க்காமல் நேராகப் பின்னால் போய், இறக்கையின் இரண்டு முனையிலும் இறுக்கிக் கட்டினார். கும்பிட்டார். நாங்கள் இறங்கினோம்.

ஆஸ்பத்திரிக்கு நாத்தனார் வந்திருந்தாள். அந்த வீட்டுச் சாவியையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள், சாயங்காலம் போய்ப் பார்த்துவிடலாம் என்று. இவர் என்னைப் பார்த்தார். நான், "இன்னைக்கு ஒருநாள் மேல போயிட்டு வந்து சொல்றோம்" என்றேன். அவள் முகத்தில் கோபமில்லை. கவலைதான் இருந்தது. பத்திரமாகப் போங்கள் என்று அண்ணனின் சால்வையைச் சரிசெய்து விட்டாள்.

அடிவாரம் தாண்டினோம். ஏறத் தொடங்கினோம். இவர் ரோட்டைப் பார்க்கவில்லை. என் பக்கம் சாய்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். நானும் ஒரு கண்ணை அதன் மேல்தான் வைத்திருந்தேன். முதல் சில வளைவுகள் போயின. முள் நடுவில் நின்றது. நாங்கள் முதன்முதலாக ஓரம் கட்டிய வளைவு போயிற்று. மெக்கானிக் தம்பியை நிறுத்திய வளைவு வந்தது. அங்கே மதில் காலியாகக் கிடந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். வண்டி உறுமிக்கொண்டு திரும்பிற்று. முள் அசையவில்லை. அவரிடம் ஏதோ சொல்லத் திரும்பினேன். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். மலையேறும்போது அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. முதலில் வாந்தி, பிறகு பயம். ஏற்காடு கடைத்தெருவில் ஹாரன்கூட அடிக்காமல் போனேன்.

வீட்டு வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். பெண்கள் பறித்த பழத்தைக் கொட்டிவிட்டு, களத்தோரம் கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். அக்கா எங்களைப் பார்த்து ஒரு அடி முன்னால் வந்தவர், நான் உதட்டில் விரல் வைத்ததும் அங்கேயே நின்றுவிட்டார்.

சத்தம் நின்றதும் இவருக்கு முழிப்பு வந்துவிட்டது. கண்ணைச் சரியாகத் திறக்காமலேயே சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இறங்கி உட்காருவதற்காகக் கதவுப் பிடியைத் தடவினார்.

"நின்னுருச்சா? இது எத்தனாவது வளைவு?"

"வளைவு இல்லீங்க. நம்ம ஊடு."

அவர் கண்ணாடி வழியே வெளியே பார்த்தார். மிளகுக் கொடியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். களத்தோரம் நிற்கிற பெண்களைப் பார்த்தார். அடங்கிக் கிடந்த முள்ளைக் குனிந்து பார்த்துவிட்டு, போர்த்திய சால்வையை எடுத்து மடியில் வைத்தார்.

"தங்கச்சிக்குப் போன் போடு" என்றார். "சாவியைத் திருப்பிக் குடுத்துரச் சொல்லு."